மருதத்து வாசலில் இவர் செருப்பு

மாசி 8, சனி

காலையில போர்வை கேக்குது, பதினோரு மணிக்கெல்லாம் வெயில் மண்டையப் பொளக்குது. மாசிக்கு ரெண்டு மூஞ்சி.

திருமங்கலம் பக்கம் போனேன், மண் எடுக்க. பஸ் ஸ்டாண்டுலருந்து ஷேர் ஆட்டோ, இறங்கினா பருத்திக் காடு. கரிசல் மண் ஒரு மஞ்சப்பை நெறைய. காட்டுக்காரர் கேட்டார்: "என்ன தாயி, பூந்தொட்டிக்கா?" "படம் வரையண்ணே." "சாமி படமா?" "கதவுப் படம்." மேற்கொண்டு ஒண்ணும் கேக்கல. நல்ல மனுஷன்.

நாலு படம் முடிஞ்சுது. பாக்கி மருதம் மட்டும். எங்கிட்டப் படிச்ச செல்வி இப்ப பெண்கள் காலேஜ்ல தமிழ்த் துறையில இருக்கா. துறைக்குப் புதுசா ஒரு கூடம் கட்டியிருக்காங்களாம், சுவத்துல அஞ்சு திணையும் தொங்கணுமாம். "உங்க படந்தான் டீச்சர் வேணும்"னா. இதுவரைக்கும் என் படத்தை யாரும் கேட்டதில்ல. வீட்டுக்கு வாரவங்க பாத்துட்டு "பொழுது போகணும்ல"ன்னு சொல்லிட்டுக் காப்பியக் குடிச்சிட்டுப் போவாங்க. அதனால செல்வி கேட்டதும் ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல, சந்தோஷத்துல. மாசி 21, வெள்ளிக்கிழமை மாட்டணும்.

துணியில வரையுற என் படத்துல ஆள் கிடையாது. சாமான் மட்டும். குறிஞ்சிக்குத் தேன் சட்டி, தினை, ஒரு உடைஞ்ச வளையல். முல்லைக்கு மோர்ப்பானையும் விரியாத அரும்பும். நெய்தலுக்கு உப்பு, கிழிஞ்ச வலை. பாலைக்கு வத்திப்போன தோல்பை. பாட்டுல அந்தப் பொண்ணு எதுக்கு ஏங்கினாங்கிறதை அவ விட்டுட்டுப் போன சாமானைப் பாத்தே சொல்லிரணும், அம்புட்டுதான் என் கொள்கை.

கலர் பூரா இந்தச் சுத்து வட்டாரம்:
கறுப்பு: கரிசல், விளக்குக் கரி
சிவப்பு: மேலூர்ப் பக்கத்துச் செம்மண், காவிக்கல்
நீலம்: அவுரி
மஞ்சள்: கறிக்குப் போடுற மஞ்சளேதான்
வெள்ளை: சீமைச்சுண்ணாம்பு (டீச்சர் வீட்டுல அதுக்கா பஞ்சம்)
ஒட்டுறதுக்கு வேலம் பிசின் ஊறப் போட்டது

இவரு ரிட்டயர்டு சர்வேயர்ல, மொட்டை மாடியில மண் காயுறதப் பாத்துட்டு, "ஜில்லா பூரா அளந்தேன், ஒரு பிடி மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்ல. நீ மூட்டை கட்டுற" ங்கிறாரு. சீண்டுறாராம். சீண்டட்டும். மண்ணைச் சலிச்சுக் குடுத்ததும் அவருதான்.

மாசி 9, ஞாயிறு

திருவாதவூர். துணைக்கு மெஹர். ஒரே ஸ்கூல்ல நான் தமிழ், அவ டிராயிங். அவங்க குடும்பத்துக்குப் பழைய டவுனுக்குள்ள நாட்டு மருந்துக் கடை, எனக்குக் காவிக்கல்லும் கடுக்காயும் அங்கருந்துதான். பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு ரெண்டு பேருக்கும் சண்டை, இந்த வயசுல.

அறுப்பு முடிஞ்ச வயல், வைக்கோல் வாசம். கண்மாய்ல தாமரை. கரையில துணி துவைச்சுக்கிட்டிருந்த அம்மாகிட்டப் பூ கேட்டோம்.

"நல்லா விரிஞ்சதாப் பறிச்சுத் தரவா?"

"வாடினதா வேணும்."

"வாடின பூவுக்கா மதுரையிலருந்து வந்தீக?" துணியைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சாங்க. மெஹரும் சேந்து சிரிக்கிறா, துரோகி.

வாடின பூதான் வேணும். மருதம்னா வயலும் வாய்க்காலும், சோத்துக்குப் பஞ்சமில்லாத ஊரு. அதனாலதானோ என்னமோ அங்க புருஷன் பொண்டாட்டிக்குள்ள பிணக்கு. ராத்திரி பூரா இன்னொருத்தி வீட்டுல இருந்துட்டு விடியற நேரம் வந்து வாசல்ல நிப்பான் தலைவன். உள்ள இருக்கிறவ கதவைத் தொறக்க மாட்டா. பழைய பாட்டுல திரும்பத் திரும்ப இதுதான். அப்ப அவன் கையில இருக்கிற பூ எப்படி இருக்கும்? வாடித்தான் இருக்கும்.

கெண்டை மீனும் வாங்கினோம், படத்துல வைக்க. வரைஞ்சு பாத்தேன், சரி வரல. சாயங்காலம் குழம்பு வச்சாச்சு. குழம்பு சரியா வந்துச்சு.

மாசி 11, செவ்வாய்

லேசாப் பனி. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் தொறந்தேன், வாசப்படிக்கு அந்தப் பக்கம் இவரு செருப்பு. அப்படியே நின்னுட்டேன்.

தோல் செருப்பு, பழசு. இடது வாரு அந்து போயி கறுப்பு நூல்ல தச்சிருக்கும். கட்டைவிரல் வளையம் அமுங்கிக் கெடக்கும். குதிகால் வெளிப்பக்கமாத் தேஞ்சிருக்கும், இவரு நடை அப்படி. ஒண்ணு கதவைப் பாத்து நேரா, ஒண்ணு கொஞ்சம் தெருப்பக்கமாத் திரும்பி. போகவா, நிக்கவான்னு யோசிக்கிற காலு. எத்தனை நாளா இந்த மருதத்துக்கு என்ன சாமான் வைக்கன்னு மூளையக் கசக்கிக்கிட்டிருந்தேன். வாசல்லயே கெடந்துச்சு.

தூக்கிக்கிட்டு மாடி ரூமுக்கு ஓடினேன். வரைய ஆரம்பிச்சா கை தானா ஓடுது. சாத்தின கதவு, கரிசல்ல. வாசப்படி. அதுக்குக் கீழ செருப்பு. பக்கத்துல கீழ விழுந்த தாமரை. வேற ஒண்ணும் வேண்டாம்.

செருப்புக்கு மட்டும் கடுக்காய் மை. கடுக்காய்த் தண்ணியத் துணியில தடவிக் காயவிட்டு, மேல துருப்பிடிச்ச ஆணி ஊறின வெல்லத் தண்ணியத் தொட்டா அப்படியே கண்ணு முன்னால கறுக்கும். துணிக்குள்ள எறங்கிரும், அப்புறம் சாமியே வந்தாலும் அழிக்க முடியாது. தோலுக்கு அந்தக் கறுப்புதான் பொருத்தம்.

இவரு செருப்பைத் தேடித் தேடி, கடைசியில பாத்ரூம் செருப்பை மாட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போனாரு.

மத்தியானம் கயல் போன், கோயம்புத்தூர்லருந்து. வீடியோவுல படத்தைக் காமிச்சேன்.

"அம்மா, அது அப்பா செருப்புல்ல? அப்பாகிட்டக் கேட்டியா?"

"செருப்புக்கெல்லாமா அனுமதி கேக்கணும்?"

"கேட்டுருமா." மகளுக்கு எப்பவும் அப்பா கட்சி.

இத்தனை வருஷம் வரைஞ்சதுல இதுதான் நல்ல படம். எழுதி வைக்கிறேன். யாரும் சொல்லப்போறதில்ல, நானே சொல்லிக்கிறேன்.

மாசி 12, புதன்

வினை.

இவரு காப்பியோட மாடிக்கு வந்தாரு. பாத்ததும் மொகமெல்லாம் பல்லு. "அட, நம்ம செருப்பு. தையலு கூட அப்படியே இருக்கே." கிட்டக்கப் போயி, தள்ளி நின்னு, மறுபடி கிட்டக்கப் போயி. "இது என்ன திணை?"

வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் புத்தி. மருதம்னு ஆரம்பிச்சு, ஊடல், தலைவன், எந்த வீட்டுக்குப் போயிட்டு வாரான், எதுக்குக் கதவு சாத்தியிருக்குன்னு ஒரு பீரியடு பூரா எடுத்துட்டேன். திரும்பிப் பாத்தா மனுஷன் மூஞ்சியில ரத்தம் இல்ல.

"அப்ப இது, கண்டவ வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் செருப்பு."

"தலைவன் செருப்பு."

"என் செருப்பு."

"உங்க செருப்பைப் பாத்து வரைஞ்ச தலைவன் செருப்புங்க."

"அந்தக் காலேஜுல எங்க ஆபீஸ் ஆளுக பிள்ளைக பாதி படிக்குதுக. கறுப்பு நூலைப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவானுக. மானம் கப்பலேறிரும் சாந்தி."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. டீக்கடையத் தாண்டி எங்கிட்டும் போகாத மனுஷன். கல்யாண வீட்டுல பக்கத்து இலைக்காரம்மா சாம்பார் வாளி எங்கன்னு கேட்டாக்கூட என்னையத் திரும்பிப் பாக்குற ஆளு. இவரப் போயி யாரு சந்தேகப்படுவா? சிரிச்சது தப்பு. காப்பிய அப்படியே வச்சுட்டுக் கீழ போயிட்டாரு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேச்சில்ல.

மாசி 13, வியாழன்

வெயில். பேச்சு வார்த்தை கிடையாது.

எங்கிட்டப் பேசலையே ஒழிய, மத்த எல்லாத்துகிட்டயும் பேசுறாரு. ஃபேன் கிட்ட: "காப்பி இருந்தாக் குடிக்கலாம்." காலண்டர் கிட்ட: "கரண்டு பில்லு யாராச்சும் கட்டணும்." பால்காரப் பையன்கிட்ட ஒரு பாக்கெட்டு கூடுதலாப் போடச் சொல்லி அரை மணி நேரம். எதுத்த வீட்டம்மா பாத்துட்டு, "சார் இன்னைக்கு ரொம்பப் பேசுறாரே" ங்கிறாங்க.

சாயங்காலம் புதுச் செருப்போட வாரார். பளபளன்னு, சத்தம் போடுற செருப்பு. என் முன்னாடியே ஹாலைச் சுத்தி நடந்தாரு. அந்தப் பழசு எனக்கு வேண்டாம், அது எவன் செருப்போன்னு அர்த்தமாம். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.

கோவந்தான் எனக்கும். ஆனா எனக்குள்ள இன்னொருத்தி உக்காந்து, ஆஹா, வீட்டுலயே மருதம்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கா. அவளையும் எனக்குப் பிடிக்கல.

மாசி 14, வெள்ளி

செல்வி போன். கூடம் கழுவி விட்டாச்சாம், ஆணி அடிச்சாச்சாம். "மருதம் முடிஞ்சுதா டீச்சர்? அதுக்குத்தான் பிள்ளைங்க ஆவலா இருக்கு." முடிஞ்ச மாதிரிதான்னேன். மஞ்சள் கலர் வெயிலுக்குத் தாங்காது, ஜன்னலுக்கு எதிர்த்த சுவர் வேண்டாம்னு சொல்லணும்னு நெனைச்சு மறந்துட்டேன்.

மெஹர் வந்தா, பாயசத்தோட. கதையக் கேட்டுட்டு, "உங்க வீட்டுக்காரரு பேசலையா? எங்க வீட்டுல அப்படி நடந்தா நான் தர்காவுல சர்க்கரை வச்சு ஓதிட்டு வருவேன், இந்த அமைதி இப்படியே நெலைக்கட்டும்னு" ங்கிறா. அப்புறம் படத்து முன்னால போயி நின்னா. சிரிப்பு நின்னுருச்சு.

"டீச்சர், இது நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

"அதான் பிரச்சினை."

"வேற செருப்பு வச்சா என்ன?"

அதையும் அங்கயே வச்சுப் பாத்தோம். அவளை வண்டியில கொண்டுவந்து விட்ட தம்பி செருப்பு, எதுத்த வீட்டுச் செருப்பு, இவரு வாங்கின புதுசு கூட (அவரு தூங்குறப்ப). எல்லாம் தரையில கெடக்கு. ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இவரு பழசு மட்டுந்தான் வாசல்ல நிக்குது.

"அப்ப ரெண்டுல ஒண்ணுதான்" ன்னா மெஹர். படம் இப்படியே காலேஜுக்குப் போனா வீட்டுல மனுஷன் எங்கிட்டப் பேச மாட்டாரு. மனுஷன் பேசணும்னா என் கையால வரைஞ்ச உருப்படியான ஒரே படத்தை நானே கெடுக்கணும். இதுக்கு நடுவுல ஒரு வழி இருந்தா யாராவது சொல்லுங்க.

மாசி 16, ஞாயிறு

புதுச் செருப்பு இவரு குதிகாலைக் கடிச்சிருச்சு. கொப்புளம். சொல்லல. நொண்டிக்கிட்டே கடைக்குப் போயி, நொண்டிக்கிட்டே வந்து, தேங்காண்ணெய எடுத்துத் தானே தடவுறாரு. எட்டல. குனிஞ்சு, மூச்சு வாங்கி, மறுபடி குனிஞ்சு. போயித் தடவி விடலாம்னு எந்திரிச்சேன். காலை இழுத்துக்கிட்டாரு.

அது பொறுக்கல எனக்கு. சீ, போடீ, படமாம் படம்னு வந்துச்சு. மாடிக்குப் போனேன். செருப்பை மறைச்சிரலாம். அது மேல ஒரு நெற்கதிர்க் கட்டு, மஞ்சள்ல. மருதத்துக்கு நெல்லு பொருந்தாமயா போகும்? வாசல்ல கதிர்க்கட்டு, வாடின பூ. சுமாரா இருக்கும். சுமாரா இருந்தா யாரும் சாகப்போறதில்ல.

கறுப்பை மறைக்கக் கெட்டி வெள்ளை வேணும். சீமைச்சுண்ணாம்பு தீந்துபோச்சு. பொங்கலுக்கு மாடிப்படிக்கு அடிச்ச சுண்ணாம்பு டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. அதக் குழைச்சுச் செருப்பு மேலயும், கதிர் சாஞ்சு நிக்கணும்னு கதவோரம் மேல வரைக்கும் ரெண்டு பூச்சு. சாயங்காலம் அது மேல மஞ்சளைப் பிசின்ல குழைச்சு அப்பினேன். கரண்டு இல்ல, பொழுது சாஞ்சிருச்சு, ஒண்ணும் சரியாத் தெரியல. வைக்கும்போதே கொஞ்சம் செவந்த மாதிரி இருந்துச்சு. ஈரத்துக்கு அப்படித் தெரியுதுன்னு விட்டுட்டுக் கீழ வந்து தோசைக்கு ஊத்தினேன்.

மாசி 17, திங்கள்

காலையில மாடிக் கதவைத் தொறந்தா படத்துல ரத்தம்.

கதிர்க்கட்டு இல்ல. மஞ்சள் இல்ல. வாசப்படிக்குக் கீழ சிவப்பு, குங்குமச் சிவப்பு, கதவோரம் வரைக்கும் வழிஞ்சு போயி. யாரையோ வெட்டிப் போட்ட வீடு மாதிரி. "ஐயோ"ன்னு கத்திட்டேன் போல, இவரு நொண்டிக்கிட்டே படியேறி வந்தாரு.

படத்தைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. சிரிக்க ஆரம்பிச்சாரு. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பு, அத்தனை நாள் அடக்கி வச்சதெல்லாம்.

"ஏன் டீச்சர், சுண்ணாம்பு மேலயா மஞ்சளப் போட்ட? எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைச்சிருப்ப?"

தூக்கு மாட்டிக்கலாம் போல இருந்துச்சு. தெருவுல எந்தக் கல்யாணம் ஆனாலும், எந்தப் பிள்ளை பொறந்து வீட்டுக்கு வந்தாலும் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் கரைக்க என்னையத்தான் கூப்பிடுவாங்க. சாந்தி டீச்சர் கரைச்சாத்தான் செவப்பு எடுப்பா வரும்பாங்க. அந்தக் கையி, அதே மஞ்சளு, அதே சுண்ணாம்பு. தூரிகையப் பிடிச்சா மட்டும் புத்தி எங்க போகுதோ.

இவரு சிரிச்சு முடிச்சு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, படத்து முன்னால ஸ்டூலைப் போட்டு உக்காந்தாரு. செருப்பு இல்லங்கிறதை அப்பத்தான் பாத்தாரு.

"அழிச்சிட்டியா?"

"நீங்கதானே சொன்னீங்க."

சிவப்பை விரலால தொட்டுப் பாத்தாரு. அப்புறம் மெல்ல: "வாசல்ல ஆரத்தி ஊத்தியிருக்க. ஆளை உள்ள கூப்பிடுறப்பத்தான் ஊத்துறது. கதவை மட்டும் சாத்தியே வச்சிருக்க."

"மருதத்துல கதவு சாத்தித்தாங்க இருக்கும்."

"ஊர்க்காரன் என்ன நெனைப்பான்னு நான் சொன்னது இருக்கட்டும். அது ஒரு கோவத்துல சொன்னது. ராமநாதபுரத்துல வேலையில இருந்தப்ப சனிக்கிழமை சனிக்கிழமை கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வருவேன். தெரு முக்குல திரும்புனதும் நம்ம வீட்டுக் கதவு தொறந்து கெடக்கும், உள்ள லைட்டு எரியும். எத்தனை வருஷம். ஒரு தடவையாவது நான் கதவைத் தட்டியிருக்கேனா? இந்தப் படத்துல என் செருப்பு வெளிய கெடக்கு, கதவு சாத்தியிருக்கு. பாத்ததும் எனக்கு என்னமோ பண்ணிருச்சு சாந்தி."

பதில் தெரியாட்டி எனக்குக் கோவந்தான் வரும். "இது பாட்டுல வர்ற வீடுங்க, நம்ம வீடு இல்ல. அம்புட்டு வேலையும் நாசமாப் போயி நிக்கிறேன், நீங்க கதவைப் பத்திப் பேசுறீங்க"ன்னு வெடுக்குனு சொல்லிட்டேன். சரி சரின்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

இப்ப அவரு பேசுறாரு. நான் பேசல.

மாசி 18, செவ்வாய்

வீட்டுல மௌன விரதம், இன்னைக்கு என் முறை. இவரு வந்து "காப்பி போடவா?"ன்னு கேக்குறாரு. போட்டாரு. சர்க்கரை தூக்கல். குடிச்சேன்.

சுண்ணாம்புக்குப் புளிப்புதான் மாத்து, பித்தளைத் தவலை தேய்க்கிற எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு, துணியில நனைச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன். சிவப்பு கண்ணு முன்னாலயே மஞ்சளா மாறுது. சுண்ணாம்பு நுரைச்சுக்கிட்டு வருது. மெதுவா, துணிய மாத்தி மாத்தி. முதுகு ஒடிஞ்சு போச்சு.

மத்தியானம் போல அடியிலருந்து செருப்பு எட்டிப் பாத்துச்சு. கடுக்காய் மை, எங்கிட்டுப் போகும்? முதல்ல வளையம், அப்புறம் வாரு, கறுப்பு நூல் தையலு. எலுமிச்சை பட்டுக் கறுப்பு கொஞ்சம் வெளுத்துத் தவிட்டு நெறமாப் போச்சு, முந்தியவிட நல்லாருக்கு, நிஜத் தோல் மாதிரி. அழுதுட்டேன். செருப்பைப் பாத்து அழுதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஆனா மஞ்சக் கறை முழுசாப் போகல. வாசப்படியில ஒரு பட்டையா நின்னுருச்சு, வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசின படி மாதிரி. அது சரி, இருந்துட்டுப் போகட்டும். இன்னொரு எடத்துலயும் நின்னுருச்சு: கதவோரம். துடைச்சப்ப அங்க இருந்த கரிசலும் சேந்து வந்துருச்சு. கீழருந்து மேல வரைக்கும் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளா ஒரு கோடு.

தள்ளி நின்னு பாத்தா கதவு சாத்தல. லேசாத் தொறந்திருக்கு. உள்ள லைட்டு எரியுது.

மாசி 20, வியாழன்

மேகம். மழை வராது, சும்மா மெரட்டுது.

நேத்துப் பூரா கரிசலைக் குழைச்சு வச்சுட்டு உக்காந்திருந்தேன். கோட்டை மூட ஒரு காப்பி நேரம் போதும். மூடினாத்தான் மருதம், தொறந்திருந்தா ஊடல் ஏது? இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்கு நான் சொல்லிக் குடுத்ததே அதுதான். தூரிகைய எடுப்பேன், வைப்பேன். கயலுக்குப் போன் பண்ணிக் கேட்டா, "உனக்கு எது தோணுதோ செய்யிமா" ங்கிறா. அதக் கேக்கவா போன் பண்ணினேன்?

அந்தச் சனிக்கிழமைகளை நெனைச்சுப் பாத்தேன். நான் ஒண்ணும் பெரிய தியாகம் பண்ணல. பஸ் எத்தனை மணிக்கு வரும்னு தெரியாது, பிள்ளை தூங்கும், தட்டுற சத்தத்துல முழிச்சிரும், அதுக்குத்தான் தொறந்து வச்சேன். கொசு வரும்னு திட்டிக்கிட்டே தொறந்து வச்சேன். அந்த மனுஷன் இத்தனை வருஷமா அத மனசுல வச்சுக்கிட்டிருக்காரு. எனக்குத் தெரியவே தெரியாது.

கிண்ணத்துல கரிசல் காஞ்சு வெடிச்சுப் போச்சு. கழுவிக் கவுத்திட்டேன்.

சாயங்காலம் இவரு மேல வந்தாரு. படத்தைத் துணி போட்டு மூடி வச்சிருந்தேன். தொறக்கல, கேக்கவும் இல்ல. மூலையில கெடந்த பழைய செருப்பை எடுத்துத் தட்டினாரு. "இது உனக்கு இன்னும் வேணுமா? புதுசு கடிக்குது."

"வேண்டாம். செருப்பு திரும்பி வந்துருச்சு படத்துல. நாளைக்கு அப்படியேதான் போகுது. அப்புறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"போகட்டும்" ன்னாரு. குதிகாலைக் காமிங்கன்னேன். உக்காந்தாரு. எண்ணெய் தடவி விட்டேன்.

மாசி 21, வெள்ளி

காலேஜ். டெம்போ டிராவலர்ல அஞ்சு படமும், பெட்ஷீட்ல சுத்தி, நடுவுல மெஹர் காவலுக்கு. இவரு முன் சீட்டு, அயன் பண்ணின சட்டை, பழைய செருப்பு. "பள்ளம் பாத்துப் போப்பா, மருதம் இருக்கு" ங்கிறாரு டிரைவர்கிட்ட. டிரைவர் யாரு மருதம்னு திரும்பித் திரும்பிப் பாக்குறான்.

கூடம் பெருசு. பெயிண்ட் வாசம் இன்னும் போகல. பிள்ளைங்க சேந்து வரிசையா மாட்டிச்சுங்க. மஞ்சள் விஷயத்தை ஞாபகமாச் சொல்லிட்டேன், மருதத்தை நிழல் சுவருக்கு மாத்தினாங்க. அஞ்சும் ஒண்ணாத் தொங்குறதை இன்னைக்குத்தான் நானே பாக்குறேன். மாடி ரூம்ல அதுக்கு எடம் ஏது? வயிறு நெறைஞ்ச மாதிரி இருந்துச்சு. முல்லையில மோர்ப்பானை கொஞ்சம் கோணல். யாரும் கண்டுபிடிக்கல.

மருதத்து முன்னாலதான் கூட்டம். ஒரு பொண்ணு படத்தைப் பாத்தா, அப்புறம் நாற்காலியில உக்காந்திருந்த இவரு காலைப் பாத்தா, பக்கத்துல இருந்தவள முழங்கையால இடிச்சா. "ஏய், அந்தத் தையலப் பாருடி." ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கிட்டாளுங்க. இவரு கேட்டுட்டாரு. மெதுவா ரெண்டு காலையும் நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிட்டாரு. போச்சு, மறுபடி ஃபேன் கிட்டப் பேச ஆரம்பிச்சிருவாருன்னு நெனைச்சேன்.

அந்த நேரம் பாத்து செல்வி. கையக் கட்டிக்கிட்டு, தலையச் சாய்ச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி:

"டீச்சர், கதவு லேசாத் தொறந்திருக்கே. மருதத்துல அடைச்சிருக்கணும்னு நீங்கதானே எங்களுக்கு நடத்துனீங்க?"

கூடமே திரும்பிப் பாக்குது. விளக்கம் சொல்ல நெறைய இருந்துச்சு, எலுமிச்சம்பழத்துலருந்து ஆரம்பிச்சு. அதையெல்லாம் விட்டுட்டேன்.

"பாட்டுல அடைச்சுத்தான் இருக்கும் செல்வி. இது எங்க வீட்டுக் கதவு. இவரு வர்ற அன்னைக்கு அடைக்கிறதில்ல."

மெஹர் என் கையப் பிடிச்சா. நான் இவரு பக்கம் திரும்பல, தைரியம் இல்ல. நாற்காலி நகர்ற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் இவரு குரலு, அந்த ரெண்டு பொண்ணுங்களையும் கூப்பிட்டு:

"ஏம்மா, இங்க வாங்க. சந்தேகமே வேண்டாம், அது என் செருப்புதான்."